வண்டியில் மாற்றம் ஏதும் இல்லை

ஹெல்மெட்டை மடியில வெச்சுக்கிட்டு பஸ்ஸுல உக்காந்திருக்கீங்களே சார், வண்டி பட்டறையில கெடக்குதுங்களா? நெனச்சேன். புல்லட்டுங்களா? அப்ப சைலன்சர் மாத்தியிருப்பீங்களே. சிரிக்கறீங்க பாருங்க. அம்பது வயசுக்கு மேல ஒரு மனுசன் புல்லட்டு வாங்கினா மொத வேலை அதுதானுங்க. தெருவுல ஒருத்தன் தூங்கக்கூடாது. தப்புன்னு சொல்லலீங்க, அவங்கவங்க ஆசை. நான் கேக்கறது வேற. சைலன்சர் மாத்தியிருக்கேன், முன்னால கம்பி வெச்சிருக்கேன், ஹேண்டில்பாரை ஒசத்தியிருக்கேன்னு இன்சூரன்சு கம்பெனிக்கு எழுதிக் குடுத்தீங்களா?

குடுக்கலியா? நல்லது, குடுக்காதீங்க. இல்லாட்டி, எதுக்கும் குடுத்துருங்க. எனக்கே இப்பத் தெரியலீங்க சார். முப்பது வருசமா நல்லாத் தெரிஞ்சிருந்தது, போன ஐப்பசியில இருந்து தெரியாமப் போச்சு.

என்ர பேரு சென்னியப்பன். கோபியில ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எதுத்தாப்புல, ஜெராக்ஸ் கடைக்கும் இளநிக் கடைக்கும் நடுவுல ஒரு மேசை போட்டு உக்காந்திருப்பேன். பாரம் எழுதறவருன்னு கேட்டா யாரு வேணாலும் கை காட்டுவாங்க. லைசென்சு, ஆர்.சி. பேரு மாத்தறது, முதியோர் பென்சன், ஊனச் சான்றிதழ், எந்தப் பாரமா இருந்தாலும் நம்மகிட்டத்தான் வரோணும். அதா, டிக்கெட் கிழிச்சுக்கிட்டு வர்றானே, அந்தக் கண்டக்டருக்கு லைசென்சு புதுப்பிக்க நான்தான் எழுதிக் குடுத்தேன். பாத்ததும் கும்பிட்டானே, கவனிச்சீங்களா?

இந்தத் தொழில்ல ஒரு சூட்சுமம் இருக்குதுங்க. பாரத்துல கேள்வின்னு ஒண்ணு வந்தா, பதில் ‘இல்லை’தான். அவ்வளவுதான். வழக்கு ஏதும் நிலுவையில் உள்ளதா? இல்லை. வேறு வாகனம் உள்ளதா? இல்லை. நோய் உள்ளதா? இல்லை. ஏன்னு கேளுங்க. ஆமான்னு ஒரு எடத்துல போட்டீங்கன்னு வெச்சுக்குங்க, ‘ஆம் எனில் விவரம் தரவும்’னு கீழ நாலு கோடு போட்டு வெச்சிருப்பான். நாலு கோட்டை ரொப்பினா நாலு சான்றிதழ் கேப்பான். அதுக்கு நாலு ஆபீசு அலையோணும். இல்லைன்னு போட்டா பேனா வழுக்கிக்கிட்டு நேரா கையெழுத்துக்குப் போயிரும். ஒருக்கா வேகத்துல ‘தகப்பனார் உயிருடன் உள்ளாரா’ங்கறதுக்கும் இல்லைன்னு போட்டுட்டேன். தகப்பனார் எனக்குக் கொடை புடிச்சுக்கிட்டுப் பக்கத்துலயே நிக்கறாரு! ஆனாலும் அந்தப் பாரம் பாஸ் ஆச்சுங்க. திரும்பி வரலை.

இப்பேர்ப்பட்ட ஆளை ஒரு கம்பெனிக்காரன், ‘உண்மைத் தகவலை மறைத்தவர்’னு கடுதாசி போட்டு அசிங்கப்படுத்திட்டான் சார். பதிவுத் தபால்ல. தபால்காரர் எல்லார் முன்னாலயும் கையெழுத்து வாங்கிக் குடுத்துட்டுப் போறாரு.

எங்கூட்டுக்காரி பேரு துளசிமணி. தங்கமான பொம்பளைங்க. மூணு வயசுல ஒரு காய்ச்சல் வந்து, வலது கால்ல லேசா... லேசாத்தானுங்க. நடக்கையில தொடையில கைய ஊணிக்கிட்டு நடப்பா. உக்காந்தா ஒண்ணுமே தெரியாது. எங்க கலியாண ஆல்பத்தைப் பாருங்க, ஒரு படத்துலகூடக் கண்டுபுடிக்க மாட்டீங்க. போட்டோக்காரன்கிட்ட மொதல்லயே சொல்லிட்டேன், பொண்ணு உக்காந்த மாதிரியே எடுப்பான்னு. ஒறம்பரைச் சனம் வந்து நின்னாங்க, நான் நின்னேன், சாமி சன்னதியில ஐயர்கூட நின்னாரு. அவ மட்டும் உக்காந்திருப்பா. மகாராணியாட்டம் வெச்சிருந்தனுங்க.

பிளவுசு தெச்சான்னா கோபியில அப்பிடி ஒரு கை கெடையாது. வீட்டுல தெச்சுக்கிட்டிருந்தவ, கச்சேரிமேட்டுல ஒரு ரூமு புடிச்சுக் கடை போட்டா. காத்தால என்ர வண்டியில கொண்டுபோய் எறக்கி உடுவேன். கடைக்குப் பின்னால ஒரு சந்து இருக்குது, அங்கதான் எறக்குவேன். முன்வாசல்ல பஸ்ஸு நிக்கும், சனம் பாக்கும் பாருங்க. சாயங்காலம் எனக்கு வேலை முடிஞ்சு, டீக் குடிச்சு, நாலு நாயம் பேசிப் போறதுக்கு முன்னப் பின்ன ஆகும். ஷட்டரை எறக்கிட்டுப் படியில உக்காந்திருப்பா. ஒரு மணி நேரம் ஆகட்டும், ஒன்றரை ஆகட்டும், ஒரு வார்த்தை கேக்க மாட்டா. அப்பிடி ஒரு அன்னியோன்னியம்ங்க எங்களுக்குள்ள.

யாரு கண்ணு பட்டுச்சோ, ஒரு நாளு திடுதிப்புனு ஸ்கூட்டர் வாங்கப் போறேன்னா. தெச்ச காசுங்க, நான் என்ன சொல்ல முடியும்? வாங்கினவ சும்மா இருந்தாளா? லேத்துப் பட்டறையில குடுத்து, பின்னால ரெண்டு பக்கமும் ஒவ்வொரு சின்னச் சக்கரம் மாட்டிக்கிட்டு வந்துட்டா. பாத்துருப்பீங்களே, கால் ஊணாம நிக்கறதுக்கு மாட்டுவாங்க. இதை ஓட்டிக்கிட்டு ஊருக்குள்ள போனா நாலு பேரு என்ன நெனைப்பாங்க? ராத்திரியெல்லாம் ரோசனை பண்ணி, காத்தால முதல் வேலையா ரெண்டு சக்கரத்துக்கும் கறுப்புப் பெயின்டு அடிச்சு உட்டேன். தார் ரோட்டோட ரோடாப் போயிருமில்லீங்க? கேட்டவங்களுக்கு, புது மாடலு, மழைக்கு வழுக்காது, கம்பெனியே இப்பிடித்தான் உடறான்னு சொன்னேன். எதுத்த வூட்டுக்காரரு நம்பி ஷோரூம்ல போய்க் கேட்டுட்டு வந்தாரு. அப்பறம் ரெண்டு மாசம் எங்கூடப் பேசல.

லைசென்சும் அவளே எடுத்துட்டா. நான் ஒரு சோலியாப் பவானி போயிருந்தேன், அந்த நாளாப் பாத்து எங்க ஆபீசுக்கே வந்து எடுத்திருக்கா. அதுல என்ன எழுதியிருக்குதுன்னு நான் பாக்கலை. சம்சாரத்து லைசென்சை வாங்கிப் படிக்கற பழக்கம் எனக்கு இல்லீங்க. ‘ஏனுங்க, இந்தச் சக்கரத்தை ஆர்.சி. புக்குல ஏத்தோணுமாம், நீங்க தினம் அங்கதான உக்காந்திருக்கீங்க’ன்னு நாலஞ்சு தடவை கேட்டா. பாத்துக்கறேன்னேன். ரோட்டைத் தாண்டினா ஆபீசு. அரை நாள் வேலை. ஆனா உள்ள இருக்கற அத்தனை பேருக்கும் என்னைத் தெரியும்ங்க. சென்னியப்பன் சம்சாரத்துக்கு இப்பிடியான்னு கேட்டா, எந்த மொகத்தை வெச்சுக்கிட்டு மறுநாள் மேசை போடறது?

மறு வருசம் இன்சூரன்சு புதுப்பிக்கற பாரம் வந்துச்சு. பாரம்னு வந்தா நம்ம கைக்குத்தான வரோணும்? அவ ஒரு பக்கம் பட்டன் தெச்சுக்கிட்டிருக்கா, நான் எழுதறேன். ‘வண்டியில் மாற்றம் ஏதும் செய்யப்பட்டுள்ளதா?’ இல்லை. அதுக்குக் கீழ ஒரு கேள்வி கேட்டிருக்கான் பாருங்க, ரத்தம் கொதிச்சுப் போச்சு. ‘வாகனம் மாற்றுத்திறனாளியின் உபயோகத்துக்காக வடிவமைக்கப்பட்டதா?’ என்ர பொண்டாட்டியப் பத்தி எவனோ மெட்ராசுல ஏ.சி.யில உக்காந்துக்கிட்டுக் கேக்கறான்! இல்லைன்னு போட்டேன். அழுத்திப் போட்டதுல தாளு கிழிஞ்சு போச்சு. ‘என்னங்க கேட்டிருக்கான்?’னு நிமுந்து பாத்தா. ‘ஒண்ணுமில்ல, கையெழுத்துப் போடு’ன்னேன். போட்டா. எங்கிட்ட வந்த எவனும் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டதில்லீங்க. அவ மட்டும் படிப்பாளா?

ஐப்பசி மழை கொட்டுது. கடைக்குப் பக்கத்துல ஒரு பழைய மண்டபம், அதோட செவுரு ஊறிப்போய் நிறுத்தியிருந்த ஸ்கூட்டர் மேல மொத்தமா விழுந்துருச்சு. அவ உள்ள இருந்தா, சாமி புண்ணியம். வண்டி அப்பளமாப் போச்சு. டெம்போவுல வூட்டு வாசலுக்குக் கொண்டாந்து போட்டேன். எனக்கு ஒரு பக்கம் துக்கம்தான், ஆனா ஒரு பக்கம்... சரி, அதை உடுங்க. இன்சூரன்சு இருக்குது, கவலைப்படாதேன்னு அவளுக்குச் சொன்னேன்.

கம்பெனியில இருந்து, சேதத்தைக் கணக்குப் பாக்கற சர்வேயர் வர்றேன்னு போன் பண்ணினாரு. பெஞ்சமின்னு ஒருத்தரு, சேலத்து ஆளு. நான் முந்தின நாளே ஸ்பேனரை எடுத்து ரெண்டு பக்கச் சக்கரத்தையும் கழட்டி, மாவு அரைக்கற கிரைண்டருக்குப் பின்னால சாத்தி, மேல அவ பழைய சேலையப் போட்டு மூடிட்டேன். ‘சர்வேயர் போற வரைக்கும் பக்கத்து வூட்டுல போய் இருந்துக்க’ன்னும் சொல்லிட்டேன். ‘வண்டி என்னுது, நான் ஏன் பக்கத்து வூட்டுக்குப் போறேன்?’னு கேட்டா. ‘அப்ப உள் ரூமுல இரு, வெளிய வராத’ன்னேன்.

அந்தாளு வந்தாரு. வண்டியச் சுத்திச் சுத்தி வர்றாரு, குனியறாரு, போட்டோ எடுக்கறாரு. அப்பறம் பின்னால கை வெச்சுத் தடவிப் பாத்துட்டு, ‘ஐயா, இங்க எட்டு போல்ட்டு ஓட்டை புதுசா இருக்கே, என்ன இருந்துச்சு?’ன்னாரு.

‘கூடை வெக்கற ஸ்டேண்டுங்க’ன்னேன்.

‘ரெண்டு பக்கமுமா?’

‘காய் ஒரு பக்கம், துணி ஒரு பக்கம்.’

‘மட்கார்டுல டயர் தேஞ்ச கறை இருக்கே. கூடைக்கு டயர் உண்டுங்களா?’

அட, இதுக்கும் ஒண்ணு சொல்லிருப்பனுங்க, வாய் வரைக்கும் வந்துருச்சு. அதுக்குள்ள உள் ரூமு கதவு தெறக்குது. வர்றா. செவுத்தைப் புடிக்காம, நடு ஹால்ல, ஒரு கை தொடையில ஊணிக்கிட்டு, இன்னொரு கையில அந்த லைசென்சு. அந்த ஹாலு இத்தனை நீளமான்னு அன்னிக்கித்தான் சார் எனக்குத் தெரிஞ்சுது. அந்தாளு நடையவும் பாக்கறாரு, என்னையும் பாக்கறாரு. அவ லைசென்சை நீட்டினா. ‘சக்கரம் கிரைண்டருக்குப் பின்னால இருக்குதுங்க சார், எடுத்துப் பாத்துக்குங்க’ன்னா. லைசென்சுல பளிச்சுனு அடிச்சிருக்காங்க, மாற்றியமைத்த வாகனம் ஓட்டறதுக்குன்னு. கவர்மென்டே அச்சடிச்சுக் குடுத்துருக்கு.

பெஞ்சமின் நல்ல மனுசன்தான். டீக் குடிச்சாரு. போகையில எங்கிட்ட, ‘ஐயா, இதுக்கு ஆமான்னு எழுதியிருந்தா உங்களுக்குப் பிரீமியத்துலயே தள்ளுபடி உண்டு, தெரியுங்களா?’ன்னாரு. தெரியுமான்னு எங்கிட்டக் கேக்கறாரு! எத்தனை பேருக்கு அந்தத் தள்ளுபடிய வாங்கிக் குடுத்தவன் நானு.

அப்பறந்தான் அந்தக் கடுதாசி. உண்மைத் தகவல் மறைக்கப்பட்டதால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. நீங்களே நாயம் சொல்லுங்க சார். செவுரு விழுந்ததுக்கும் பக்கச் சக்கரத்துக்கும் என்ன சம்பந்தம்? சக்கரம் போய் செவுத்தைக் கூப்பிட்டுச்சா? இதையே பதினோரு பக்கம் மனு எழுதி அனுப்பினேன். பதில் இல்லை.

கடுதாசி வந்த அன்னிக்கிச் சாயங்காலம் அவ கேட்டா. சத்தம் போடலீங்க, சத்தம் போட்டிருந்தாத் தேவலை. ‘அந்த இல்லையை யாருக்காக எழுதினீங்க?’ன்னா.

‘உனக்காகத்தான்டி’ன்னேன். ‘உன்னை ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுன்னு.’

‘எனக்குக் காலு இப்பிடித்தான்னு எனக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும். உங்களுக்குத்தான் இருபத்தாறு வருசமாத் தெரியலை’ன்னா. அப்பறம் மெசின்ல உக்காந்து தெக்க ஆரம்பிச்சுட்டா.

மறுபடியும் பழையபடி என்ர வண்டியில ஏத்திக்கிட்டுப் போனேன். சந்துல எறக்கறது, சாயங்காலம் கூட்டிட்டு வர்றது. நல்லாத்தானுங்க இருந்துச்சு. எனக்கு நல்லா இருந்துச்சு. ஒரு வாரம் வந்தா. எட்டாம் நாளு சாயங்காலம் போனா, படியில ஆள் இல்லை. ஷேர் ஆட்டோவுல வூட்டுக்குப் போயிட்டான்னு பக்கத்துக் கடையில சொல்றாங்க. முன்வாசல்ல, பஸ் நிக்கற எடத்துல நின்னு கை காட்டி ஏறியிருக்கா.

அதுக்கப்பறம் நடந்ததைச் சொன்னா உங்களுக்கு வருத்தமா இருக்கும் சார். எங்க ஆபீசு மைதானத்துலயே மாற்றுத்திறனாளி முகாம் போட்டாங்க. அன்னிக்கி என்ர மேசையில நிக்க எடமில்லை, அத்தனை பாரம். எழுதி எழுதிக் கை வலிச்சுப் போச்சு. நிமுந்து பாக்கறேன், எதுத்தாப்புல வரிசையில அவ நிக்கறா. எங்கிட்ட வரலீங்க. பாரத்தை அவளே எழுதி வெச்சிருக்கா. கொழந்தை எழுதின மாதிரிக் குண்டு குண்டா எழுத்து, தப்பும் தவறுமா. அதையும் வாங்கிக்கிட்டாங்க! டாக்டரு காலைப் பாத்து அறுபது சதவீதம்னு போட்டுட்டாரு. அறுபதாம்! நான் இருபத்தாறு வருசமாப் பாக்கறேன், பத்துகூடத் தேறாது. மேல்முறையீடு பண்ணலாம், நான் எழுதித் தர்றேன்னு சொன்னேன். அவ என்னை ஒரு பார்வை பாத்தா பாருங்க. அத்தோட உட்டுட்டேன்.

அந்தச் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாம் வெச்சு, கவர்மென்டு இலவச ஸ்கூட்டருக்கு மனுப் போட்டா. பக்கச் சக்கரத்தோடயே குடுப்பாங்க. இன்னிக்கிக் காத்தால ஈரோடு கலெக்டர் ஆபீசுல குடுக்கறாங்க. கூடத் தெக்கற புள்ளையோட அண்ணன் காருல போறான், அதுல போயிட்டா. வர்றீங்களான்னு கேட்டா. நான்தான், ஆபீசு நாளு, சோலி கெடக்குதுன்னேன். மேடையில ஏறி, போட்டோவுக்கு நிக்கோணுமில்லீங்க. அவ போனதுக்கு அப்பறம் மேசையில உக்காந்தா கை ஓடலை. வண்டிய வாங்கிக்கிட்டு அத்தனை தூரம் ஒத்தையில எப்பிடி வருவா? அதான் கெளம்பிட்டேன். நான் போய்க் கூட்டிட்டு வந்துருவேன். ஒரு டெம்போ புடிச்சு, ஸ்கூட்டரை ஏத்தி, மேல தார்ப்பாய் போட்டு... காத்துக்குத் தூசி படியாம இருக்கோணும்னு சொல்றேன்.

என்னங்க, பஸ்ஸு நின்னுருச்சு? சித்தோடு வந்தாச்சா? ரோட்டு வேலைங்களா. ஒரு பக்கமாத்தான் உடறாங்க போல, அந்தப் பக்கமும் வரிசை நிக்குது.

சார்.

சார், கொஞ்சம் முன்னால சாஞ்சு உக்காருங்களேன். இன்னும் கொஞ்சம். என்னை மறைக்கற மாதிரி. கண்ணாடிய ஏத்த வராதுங்களா இது? சனியன், துருப் புடிச்சுக் கெடக்குது.

இல்லீங்க, யாரும் இல்லை. அந்தச் செவப்பு ஸ்கூட்டருங்களா? யாரோ ஒரு அம்மா. மாலையோட வர்றாங்க, வண்டிக்கு மாலை போட்டுருக்காங்க. முன்னாலயும் பின்னாலயும் எத்தாச்சோட்டுப் பெரிய சக்கர நாற்காலி ஸ்டிக்கரு பாருங்க, அரை மைலுக்குத் தெரியும். அந்தப் பக்கச் சக்கரத்துக்கு வெள்ளையில பெயின்டு அடிச்சிருக்கான், அறிவுகெட்டவன். ஒத்தையிலதான் வந்திருக்காங்க போல. கை கொஞ்சங்கூட ஆடலை. அங்கிருந்து ஓட்டிக்கிட்டு வந்திருக்காங்க, பொட்டு வேர்வை இல்லை மொகத்துல.

கூப்பிடறாங்களா? யாரை? உங்களையா இருக்குங்க. ‘ஏனுங்க’ன்னா ஊருல எத்தனை ‘ஏனுங்க’. பின்னால சீட்டைத் தட்டிக் காட்டுதுங்களா? யாரோ தெரிஞ்சவங்களை ஏறிக்கச் சொல்லுதாட்ட இருக்குது. பஸ்ஸே எட்டிப் பாக்குது பாருங்க, வேலையத்த சனம்.

கண்டக்டரு கத்தறான் பாருங்க, ‘பாரக்கார அண்ணா, உங்கூட்டம்மா வண்டியோட வந்து நிக்கறாங்க, எறங்கிக்கறீங்களா’ன்னு. ஏம்ப்பா, மெதுவாப் பேசு. இல்லைப்பா. அது எங்கூட்டம்மா இல்லை. நீ வேற யாரையோ சொல்றே. நான் ஈரோட்டுக்கு டிக்கெட் எடுத்திருக்கேன், நீதான குடுத்தே. போப்பா, போய் விசில் ஊது.

சார், நீங்க அந்தப் பக்கம் பாக்காதீங்க. நீங்க பாத்தா அந்தம்மா என்னைப் பாத்துரும். ஆமா, இப்பிடித் திரும்பி என்னைப் பாருங்க. உங்க புல்லட்டைப் பத்திச் சொல்லுங்க. சைலன்சருக்கு எந்தக் கடையில... கொடி காட்டிட்டானா? வரிசை நகருதா? அந்தப் பக்கத்து வரிசைதான் மொதல்ல உடறானா?

போயிருச்சுங்களா அந்தம்மா?

நான் திரும்பலை, நீங்களே பாத்துச் சொல்லுங்க. சித்த எட்டிப் பாருங்க சார். அவ திரும்பிப் பாத்தாளா?